கட்டாருக்கு முதல் தரம் போற தம்பிமாருக்கு

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பத்துப் பக்கமிருந்து கட்டார் போறவங்க முதல்ல வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சிட்டுப் போங்க. ஒப்பந்தத்த ஒழுங்கா வாசிங்க, அங்க சட்டப்படி ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 1000 ரியால், கம்பனி ரூம் தராட்டி 500, சாப்பாடு தராட்டி 300 மேலதிகமா தரணும், ஏஜென்சிக்காரர் வாயால சொல்றதெல்லாம் கணக்கில்ல, எழுத்தில இரிக்கணும்.

மெடிக்கல், கைரேகையெல்லாம் போக முன்னமே கொழும்பில இரிக்கிற கட்டார் விசா சென்டர்ல எடுப்பாங்க, அங்க இறங்கின மறுகாதான் ஐடி, அதாவது கட்டார் அடையாள அட்டை. அது கைக்கு வரும் வரைக்கும் பேங்க் வேலையெல்லாம் இழுபடும், அதால கைச்செலவுக்குக் கொஞ்சம் கொண்டு போங்க. பாஸ்போட் உங்கட சாமான், கம்பனி பிடிச்சி வெச்சிக்க ஏலாது, எதுக்கும் ஒரு போட்டோ போன்ல எடுத்து வைங்க.

வெயில்தான் பெரிய பிரச்சினை. நாம காணாத வெயிலா எண்டு நினைக்காதீங்க, இது வேற, ஜூன் 1 இலிருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலம 10 மணியிலிருந்து பின்னேரம் மூண்டரை வரை வெளிவேலை செய்யவே தடை, அந்த நேரத்தில சூப்பவைசர் வேலைக்கு இறங்கச் சொன்னாலும் இறங்காதீங்க, தாகமில்லாட்டியும் தண்ணி குடிச்சிட்டே இரிங்க.

மாசிச் சம்பல் கட்டினா நல்லா இறுக்கிக் கட்டுங்க, இல்லாட்டி உடுப்பெல்லாம் மணக்கும். மருந்து கொண்டு போறண்டா டொக்டர்ர துண்டு கட்டாயம், இங்க சாதாரணமா வாங்கிற சில நோவுக் குளிசைக்கு அங்க பிடிபடலாம்.

ஊருக்குப் போன் எடுக்கக்க ரெண்டரை மணித்தியாலத்தக் கூட்டிப் பாருங்க, அங்க ராவு எட்டுக்கு எடுத்தா இங்க பத்தரை, உம்மா நித்திரையாகிருவா.