கொம்பன் ஆந்தைய கண்ணால பாக்கணுமா, மொதல்ல தரையப் பாருங்க

அண்ணாந்து பாத்துட்டே நடக்குறத மொதல்ல நிறுத்துங்க. கொம்பன் ஆந்தை ஒன்றரை அடிக்கு மேல இருக்கும், ஆனா பாறையோட பாறையா ஒட்டி உக்காந்துருச்சுன்னா பக்கத்துல நின்னாலும் தெரியாது.

ஆள் போகாத பழைய கல்குவாரி, ஓடைக்கரை மண்மேடு, பாறைக்குன்று, இதான் அதோட ஏரியா. அங்க சுண்ணாம்பு ஊத்தி வழிஞ்ச மாதிரி எச்சம் இருக்கான்னு பாருங்க, ஆனா அத மட்டும் நம்பிறாதீங்க, மாடப்புறாவும் அதே வேலையத்தான் பண்ணி வச்சிருக்கும். நேர் கீழ போய்த் தேடுனா கட்டைவிரல் தண்டிக்கு சாம்பல் கலர்ல உருண்டை கெடக்கும், செரிக்காத முடி, எலும்ப எல்லாம் ஆந்தை உருட்டிக் கக்குறது அது. குச்சியால மெதுவா பிரிச்சுப் பாருங்க, எலி முடிக்குள்ள குட்டித் தாடை, அதுல மஞ்சளேறுன முன்பல்லு அப்படியே இருக்கும். இன்னும் ஈரமா பளபளன்னு இருந்தா ஆள் பக்கத்துலதான் இருக்காரு.

பகல்ல தவிட்டுக்குருவி, கரிச்சான், அணில் எல்லாம் சேந்து ஒரே எடத்தப் பாத்து விடாம கத்துனாலும் போய்ப் பாக்கலாம். பாம்பாவும் இருக்கும், காலடி பத்திரம்.

சாயங்காலம் சூரியன் மறையறதுக்கு அரைமணி முன்னாடியே போய் மேற்க பாத்து உக்காந்துருங்க. இருட்டுற நேரத்துல அது உச்சிப் பாறைக்கு வந்து உக்காந்து "பூ... பூஊ"ன்னு கூப்பிடும், பின்னாடி வெளிச்சம் இருக்குறதால ரெண்டு கொம்பும் (தலையில கொம்பு மாதிரி நிக்கிற இறகுதான்) கறுப்பா தனியாத் தெரியும். நான் மொத தடவ சத்தம் வந்த பக்கமே மூணு நாள் உக்காந்திருந்தேன், கடைசில பாத்தா அது குவாரிச் சுவத்துல மோதித் திரும்புன எதிரொலி, ஆந்தை என் முதுகுக்குப் பின்னாடி இருந்துருக்கு! அதனால எடத்த மாத்தி மாத்தி நின்னு கேளுங்க.

போன்ல ஆந்தை சத்தம் போட்டு வரவைக்கிறது, மூஞ்சில டார்ச் அடிக்கிறது ரெண்டும் வேணாம். குளிர்காலத்துலேர்ந்து கோடை வரைக்கும் கிட்டயே போகாதீங்க, கூடுன்னு தனியா எதுவும் கட்டாது, வெறும் தரையிலதான் முட்டை கெடக்கும், மிதிச்சிருவீங்க. கொம்ப நட்டுக்கிட்டு ஒடம்ப ஒல்லியா இழுத்து உங்களையே பாத்துச்சுன்னா அது பயந்துருச்சு, பின்வாங்கிருங்க.

போட்டோ போடுங்க, லொகேஷன் மட்டும் போடாதீங்க. மாந்திரீகத்துக்குன்னு பிடிச்சு விக்கிற ஆளுங்க இருக்காங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்னாலும் தீபாவளி நெருங்குனா தேடி வந்துருவாங்க.