முகச் சீரமைப்புக்குப் பிறகு நோயாளி என்ன நினைக்கிறார்? அதை அளப்பது எப்படி

தோல் புற்றுநோயால் மூக்கின் நுனியை இழந்தவருக்கு நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புண் ஆறிவிட்டது. போட்டோவில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. சர்ஜன் 'நல்ல பலன்' என்று குறித்துவிட்டார். அந்த நோயாளியோ அறையை விட்டு வெளியே வந்ததும் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார். கேட்டால், "எதிரில் இருப்பவர் என் மூக்கையே பார்ப்பது மாதிரி இருக்கிறது" என்கிறார்.

கோப்பில் ஏறாத அந்த ஒரு வரியைக் கோப்பில் ஏற்றத்தான் இந்த வேலை. முகம் அவருடையது. பலன் எப்படி என்று சொல்லும் முதல் உரிமையும் அவருடையதுதான். ஆனால் "திருப்தியா?" என்று போகிற போக்கில் கேட்டால் "நல்லா இருக்கு டாக்டர்" என்றுதான் பதில் வரும். அதனால் முறையாகக் கேட்க வேண்டும்.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

தோற்றம், செயல்பாடு (மூச்சு, கண் மூடுதல், சாப்பாடு, பேச்சு), மனநிலை, நாலு பேருடன் பழகுவது. இவை தனித்தனி விஷயங்கள். மூச்சு நன்றாக வரும் ஒருவர் கண்ணாடி பார்ப்பதையே தவிர்க்கலாம். ஊழியர்கள் அன்பாக நடந்துகொண்டார்களா என்பது இன்னொரு கேள்வி. அதை முகத்தைப் பற்றிய திருப்தியோடு சேர்த்துவிடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

படி 2: கேள்வித்தாளைத் தேர்ந்தெடுங்கள்

சொந்தமாகக் கேள்வி எழுத ஆசை வரும். வேண்டாம். நோயாளிகளிடம் பேசி உருவாக்கி, பலரிடம் சோதித்த கேள்வித்தாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஈக்யூ-5டி, எஸ்எஃப்-36 போன்ற பொதுவான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்களை மட்டும் நம்பினாலும் போதாது, அவை முகத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

ஃபேஸ்-க்யூ என்பது முகத்துக்கான கேள்வித்தாள்களின் ஒரு குடும்பம். தோல் புற்றுநோய், தலை-கழுத்துப் புற்றுநோய், முக-மண்டையோட்டுக் குறைபாடுகள், அழகியல் என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பல சிறு அளவுகோல்கள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளலாம். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்றால் கிளெஃப்ட்-க்யூ. 8 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் தாங்களே பதில் சொல்லும்படி அமைத்தது அது. மூக்கடைப்புக்கு நோஸ் (2004), தழும்புக்கு போசாஸ் (அதுவும் 2004). போசாஸில் மருத்துவருக்கு ஒரு தாள், நோயாளிக்கு ஒரு தாள் என்று இரண்டு இருப்பதால் இருவர் பார்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முகவாதத்துக்கு 2001இல் வந்த ஃபேஸ் ஸ்கேல், 15 கேள்விகள். பெயர் ஒரே மாதிரி ஒலித்தாலும் இது ஃபேஸ்-க்யூ குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தரவிறக்கும்போது கவனம்.

எதை எடுத்தாலும், பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி தேவையா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: மொழி

அனுமதி பெற்ற தமிழ் வடிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அவசரமாக ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்துவிடக் கூடாது. இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொருள் எங்கே மாறியது என்பது அப்போது தெரியும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. சில நோயாளிகளிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "தழும்பு உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் கேட்பது மனதை உறுத்துகிறதா என்று. 'தொந்தரவு' என்றதும் ஒருவர் வலி, அரிப்பு என்று எடுத்துக்கொண்டு "இல்லை" என்று டிக் அடிப்பார். 'சமச்சீர்' என்பதைவிட 'இரண்டு பக்கமும் ஒரே மாதிரி' என்பது எல்லோருக்கும் புரியும்.

படி 4: எப்போது கேட்பது?

அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒரு முறை கட்டாயம். அது இல்லாவிட்டால் பிறகு வரும் எண்ணை எதனோடு ஒப்பிடுவீர்கள்? விபத்தில் அடிபட்டு வருபவரிடம் முன்கூட்டிக் கேட்க வழியில்லை. அவருக்கு முதல் சில வாரங்களில் எடுக்கும் அளவையே தொடக்கமாக வைத்து, அப்படித்தான் செய்தோம் என்று குறித்துவையுங்கள்.

பிறகு 3, 6, 12 மாதங்களில். தழும்பு முதிர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் 12ஆம் மாதத்தை விட்டுவிடாதீர்கள். நெற்றித் தோல் சிகிச்சையில், இறக்கிய தோலுக்கு நெற்றியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் இணைப்புத் தண்டை வெட்டுவது சுமார் 3 வாரம் கழித்துத்தான். மாதக் கணக்கைக் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 5: யார் கொடுப்பது, எங்கே?

அறுவை செய்தவர் கையால் தாளை நீட்டக் கூடாது. தனக்கு உதவியவரின் மனம் நோக யாரும் எழுத மாட்டார்கள். தனி இடத்தில், வேறொருவர் கொடுக்கட்டும். உடன் வந்தவர் "நல்லாத்தானே இருக்கு, அப்படியே போடு" என்று சொல்லித் தருவதைப் பார்த்தால், மரியாதையாக அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்குக் கேள்வியை உள்ளபடியே வாசித்துக் காட்டலாம், விளக்கம் சொல்லக் கூடாது.

படி 6: மதிப்பெண் போடுங்கள்

நோஸ் எளிது. 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. கூட்டி 5ஆல் பெருக்குங்கள். சிகிச்சைக்கு முன் 3, 4, 3, 2, 3 என்றால் கூட்டல் 15, மதிப்பெண் 75. பிறகு 1, 1, 1, 2, 0 என்றால் 25. குறைந்தால் நல்லது. ஃபேஸ்-க்யூவிலோ தோற்றத் திருப்தி போன்ற அளவுகோல்களில் கூடினால் நல்லது. கூட்டிய எண்ணை அதற்குரிய அட்டவணையைப் பார்த்து 0–100 ஆக மாற்ற வேண்டும். தோற்றம், மனநிலை இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள்.

விடுபட்ட பதில்களுக்கு அந்தந்தக் கேள்வித்தாளின் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள்.

படி 7: எண்ணோடு நிற்காதீர்கள்

சராசரி உயர்ந்திருந்தாலும், தனியாக யாருக்கு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வராதவர்களையும் எண்ணுங்கள். மனம் வெறுத்தவர்கள்தான் வராமல் போயிருக்கலாம். மனநிலைக் கேள்விகளில் கடும் துயரம் தெரிந்தால் அன்றே யார் வாசிப்பார், யாரிடம் அனுப்புவார் என்பதை முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் மனதைத் திறந்து எழுதிய தாள் ஆறு மாதம் மேசை இழுப்பறைக்குள் கிடக்கக் கூடாது.

முகக்கவசம் மாட்டியவர் மறுபடி வரும்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: "பக்கத்திலிருந்து பார்க்கும்போது எப்படி என்ற கேள்விக்குக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். எந்த இடம்?" அவர் விரலை வைத்துக் காட்டுவார். தோல் சற்றுத் தடிமனாக நிற்கும் அந்த ஓரத்தை இன்னொரு சிறு சிகிச்சையில் மெலிதாக்க முடியுமா என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும்.