திம்பம் ஏறினால் கொதிக்கும் பழைய கார்

சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் ஹேண்ட் காரின் குட்டு பெரும்பாலும் அங்கேதான் உடையும். டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வையுங்கள். இன்ஜின் சூடு கொஞ்சம் காருக்குள்ளே இறங்கும், வேர்த்தாலும் பரவாயில்லை. அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே கூடாது.

டவுன் நெரிசலில் மட்டும் சூடானால் ஃபேன் பக்கம் கோளாறு: ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மேட்டில் மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். நம்மூர் போர் சப்பத்தண்ணியை (உப்புத் தண்ணீரை) ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உள்ளே உப்பு படிந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டர் வழியே தண்ணீரை ஓடவிடும் வால்வு) திறக்காமல் சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொல்லும் பட்டறைகள் உண்டு, கேட்காதீர்கள். இன்ஜின் சூடாக நேரமெடுக்கும், மைலேஜ் அடிவாங்கும்.

ரேடியேட்டரின் உள்ளே கழுவி ஃப்ளஷ் செய்து, கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே கலந்து வரும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறப் பசை, கூலன்ட்டில் விடாமல் குமிழி, இரண்டும் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள்.