எச்பிவி பாசிட்டிவ் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? கணவன் மனைவி இருவரும் படிக்க ஒரு செய்முறை

எச்பிவி என்றால் வைரஸ், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் காரணம், உடலுறவு வழியாகத் தொற்றும். இந்த மூன்றும் உங்களுக்கு முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாமல் போனது எனக்கு மற்ற எல்லாமும்தான். கல்யாணமாகி பல வருஷம் கழித்து எனக்குப் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தபோது இணையத்தில் தமிழில் கிடைத்ததெல்லாம் "விழிப்புணர்வு அவசியம்" ரகம். அடுத்து என்ன செய்ய வேண்டும், இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யாரும் எழுதவில்லை. அதனால் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, என் டாக்டரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்த நோயாளி.

படி 1: உங்களுக்கு எடுத்தது எந்த டெஸ்ட் என்று பாருங்கள்

பாப் ஸ்மியர் வேறு, எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் வேறு. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து அவற்றின் உருவம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. எச்பிவி டெஸ்ட் செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸின் டிஎன்ஏ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். "பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை" பேக்கேஜில் பெரும்பாலும் பாப் ஸ்மியர் மட்டும்தான் இருக்கும், அதை எடுத்துவிட்டு எச்பிவி இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் கோ-டெஸ்டிங் என்பார்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது மூன்றாவது வகை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்த்து அங்கேயே சொல்லிவிடுவார்கள். பேர் விஐஏ. சாதாரணமாக நினைக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த பெரிய ஆய்வில் இந்த முறையாலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது, 2007 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

ஆனாலும் என் ஓட்டு எச்பிவி டிஎன்ஏ டெஸ்டுக்குத்தான், அதிலும் எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் ஜீனோடைப்பிங் உள்ளதற்கு. உலக சுகாதார நிறுவனமும் 2021 இல் இதையே முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு முறை. நெகட்டிவ் வந்தால் அத்தனை வருஷம் நிம்மதியாக இருக்கலாம் என்பதுதான் இதன் பலம். ஹெச்ஐவி உள்ள பெண்களுக்குக் கணக்கு வேறு, 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. மற்றவர்கள் இருபதுகளில் இதை எடுக்க அவசரப்பட வேண்டாம், அந்த வயதில் தொற்று சகஜம், பெரும்பாலும் தானாகப் போய்விடும், பாசிட்டிவ் வந்து தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

படி 2: சாம்பிள் கொடுக்கும் நாள்

மாதவிடாய் நாளாக இருக்கக்கூடாது. முந்தைய 2 நாட்கள் உடலுறவு, பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். அவ்வளவுதான்.

டாக்டர் முன்னால் படுக்கக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களுக்கு: எச்பிவி டெஸ்டுக்கு நீங்களே ஸ்வாப் எடுத்துக் கொடுக்கலாம். பிசிஆர் முறையில் சோதிக்கும் இடமாக இருந்தால், டாக்டர் எடுத்த சாம்பிளுக்கும் நீங்கள் எடுத்ததற்கும் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. "செல்ஃப் சாம்பிளிங் கிட் இருக்கா" என்று லேபில் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அது பாசிட்டிவ் ஆனால் அடுத்த கட்டத்துக்கு டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும், நாமே எடுத்த சாம்பிளில் பாப் ஸ்மியர் பார்க்க முடியாது.

படி 3: ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய வரிகள்

எச்பிவியில் 200க்கும் மேல் வகை உண்டு. புற்றுநோய்க்காகக் கவலைப்பட வேண்டியவை சுமார் 14. அதிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலக அளவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அதனால் பல லேப்கள் மூன்று வரியாகக் கொடுக்கும்: 16, 18, "மற்ற ஹை ரிஸ்க் வகைகள்". கடைசி வரி 12 வகைகளை மொத்தமாகக் கட்டிப் போட்ட வரி, எது என்று பிரித்துச் சொல்லாது. எனக்கு வந்தது அந்தக் கடைசி வரியில்தான்.

சிலர் ரிப்போர்ட்டில் சிடி வேல்யூ என்று ஒரு எண் இருக்கும். கோவிட் காலத்துப் பழக்கத்தில் அதை வைத்து "வைரஸ் அதிகமா, கம்மியா" என்று கணக்குப் போடாதீர்கள், இங்கே அதை வைத்து யாரும் சிகிச்சை முடிவு செய்வதில்லை. 6, 11 என்ற லோ ரிஸ்க் வகைகள் பிறப்புறுப்பில் மரு வரவைப்பவை, புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் அவற்றைத் தேட வேண்டியதே இல்லை. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சோதிக்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

படி 4: "இது யாரிடமிருந்து வந்தது?"

நான் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாசிட்டிவ் என்றால் "இந்த வைரஸ் இன்று, இந்த சாம்பிளில், டெஸ்டுக்குத் தென்படும் அளவில் இருக்கிறது" என்று மட்டும்தான் பொருள். எப்போது வந்தது என்பது அதில் கிடையாது. வைரஸ் குடியேறுவது தோலின், சவ்வின் அடி அடுக்குச் செல்களில். தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடுகிறது. அடக்கிவிடுகிறது என்றால் துடைத்து எறிந்துவிட்டது என்றும் இருக்கலாம், டெஸ்டில் சிக்காத அளவுக்கு மிகச் சில செல்களில் ஒடுங்கிக் கிடக்கிறது என்றும் இருக்கலாம். ஒடுங்கிக் கிடந்தது பல வருஷம் கழித்து, எதிர்ப்புச் சக்தி தளரும் ஒரு சமயத்தில், மறுபடி தலைகாட்டலாம். போன தடவை நெகட்டிவ், இந்தத் தடவை பாசிட்டிவ், நடுவில் புதிதாக எதுவுமே நடக்கவில்லை என்பது முழுக்கச் சாத்தியம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாரும் தப்பு செய்யவில்லை என்றும் இந்த டெஸ்ட் நிரூபிக்காது. பழசா புதுசா, உங்களிடமிருந்தா அவரிடமிருந்தா, எதையும் அது சொல்லாது. தேதி கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் போனை நோண்டுவதில் பயனில்லை. உங்களுக்கு வேறு காரணத்தால் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள், எச்பிவியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கணவரிடம் சொல்லும்போது நான் பிடித்துக்கொண்ட வரிசை: முதலில் "எனக்குப் புற்றுநோய் இல்லைங்க", அப்புறம் "இது நம்ம ரெண்டு பேருக்கும் எப்போ வேணா வந்திருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாடிகூட", அதற்கப்புறம்தான் டாக்டர் என்ன சொன்னார் என்பது. பாசிட்டிவ் என்ற வார்த்தையில் ஆரம்பித்தால் கேட்பவருக்கு ஹெச்ஐவி ஞாபகம் வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. முடிந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். அரைகுறையாக நாம் விளக்குவதைவிட அது நல்லது.

அடுத்து அவர் கேட்கப்போவது "அப்ப நானும் டெஸ்ட் எடுக்கட்டுமா?" வேண்டாம். ஆண்களுக்கு வழக்கமான ஸ்கிரீனிங்காகப் பரிந்துரைக்கப்படும் எச்பிவி டெஸ்ட் எதுவும் இல்லை. ஒரு லேபில் சிறுநீர் வைத்து "ஆண்களுக்கான எச்பிவி" என்று எங்களிடம் பணம் வாங்கினார்கள், நெகட்டிவ் என்று வந்தது, டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெகட்டிவ் என்றால் அவரிடம் இல்லை என்று அர்த்தமில்லை, பாசிட்டிவ் என்றாலும் கொடுக்கச் சிகிச்சை இல்லை. சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவருக்கு இருக்கும் வகை மற்றவருக்கும் ஏற்கெனவே வந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். அவர் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் மரு, புண், கட்டி ஏதாவது இருக்கிறதா என்றுதான். இருந்தால் தோல் மருத்துவரிடமோ யூராலஜிஸ்டிடமோ போகட்டும்.

ஆணுறை? தோலும் தோலும் உரசினாலே தொற்றுவதால் அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் குறைக்கும். நெதர்லாந்தில் 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பப்பை வாயில் மாற்றம் இருந்த பெண்களில் ஆணுறை பயன்படுத்திய ஜோடிகளுக்கு அந்த மாற்றம் சீக்கிரம் சரியானதும் வைரஸ் சீக்கிரம் போனதும் தெரிந்தது. கட்டாயம் என்று டாக்டர்கள் சொல்வதில்லை. நாங்கள் கொஞ்ச காலம் பயன்படுத்தினோம். உறவையே நிறுத்த வேண்டியதில்லை.

படி 5: அடுத்து என்ன

16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால் பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி. "மற்ற வகைகள்" பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல் என்றால் வழக்கமாக ஒரு வருஷம் கழித்து மறுபடி டெஸ்ட். பாப் ஸ்மியரிலும் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் கால்போஸ்கோப்பிதான். அது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாய்ப்பகுதியைப் பார்ப்பது, சந்தேகமான இடத்தில் சின்னத் துணுக்கு எடுப்பார்கள். பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் கேன்சர் உறுதி என்று நினைக்க வேண்டாம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் சிஐஎன் என்பது புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம், 1 லேசானது, 3 தீவிரமானது. சிஐஎன் 1 என்றால் பெரும்பாலும் காத்திருந்து பார்ப்பார்கள். 2, 3 என்றால் அந்தப் பகுதியை மட்டும் சூடு வைத்தோ, உறைய வைத்தோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ எடுப்பது உண்டு. தொற்று வந்து புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 வருஷம் ஆகும், அந்த இடைவெளியில் பிடிப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருஷத்திலேயே ஆகலாம், அவர்கள் தேதியைத் தள்ளிப்போடக்கூடாது.

இங்கே கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்: வெறும் எச்பிவி பாசிட்டிவ் என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. "குழந்தை பெற்றாச்சு, எடுத்துடலாமே" என்று யாராவது சொன்னால் ரிப்போர்ட்டோடு வேறு கைனகாலஜிஸ்டைப் பாருங்கள். வைரஸை அழிக்கும் மாத்திரையும் கிடையாது, இம்யூனிட்டி பவுடருக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேமித்து வையுங்கள். உண்மையில் பலன் தருவது புகையை விடுவது, புகைப்பவர்களுக்கு வைரஸ் போக நாளாகிறது.

படி 6: தடுப்பூசி

ஏற்கெனவே வந்த தொற்றை அது குணப்படுத்தாது, இன்னும் வராத வகைகளைத் தடுக்கும். அதனால் வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் இருந்தால் முதல் ஊசி அவளுக்கு. சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் 2023 இல் வந்தது, 6, 11, 16, 18 நான்கு வகைக்கும். கார்டாசில் 9 ஒன்பது வகைக்கு, விலை அதிகம். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் ஒன்பது, இல்லையென்றால் செர்வாவாக், இதைப் போடுவோமா அதைப் போடுவோமா என்று இரண்டு வருஷம் யோசிப்பதுதான் மோசம். ஊசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

அப்டேட்: நீங்கள் கேட்டவை

கர்ப்பமாக இருக்கும்போது பாசிட்டிவ் வந்தால் சிசேரியன் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எச்பிவிக்காக மட்டும் வேண்டியதில்லை. தடுப்பூசியை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உடலுறவுக்குப் பின் ரத்தம் வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வருகிறது என்று எழுதியவர்களுக்கு: நீங்கள் ஸ்கிரீனிங் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் இல்லை. எச்பிவி நெகட்டிவ் என்று ரிப்போர்ட் இருந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது, "அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு, டெஸ்ட் தேவையா?" கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. வாய் இருந்தால் டெஸ்ட் தேவை. அதையும் எடுத்துவிட்டார்கள், முன்பு சிஐஎன் 2, 3 போன்ற மாற்றமோ புற்றுநோயோ இருந்ததில்லை என்றால் தேவையில்லை. அம்மாவுக்கு நினைவிருக்காது, டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் "டோட்டல்" என்று இருந்தால் வாயும் போயிற்று, "சப்டோட்டல்" என்று இருந்தால் இருக்கிறது. காகிதம் தொலைந்திருந்தால் ஒரு தடவை டாக்டர் உள்ளே பார்த்தாலே சொல்லிவிடுவார்.