இரண்டு விஐஓ இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு சனிக்கிழமை இரவு. ஐபிஎம் பவர் மெஷினில் எல்பார்களுக்கு (ஒரே மெஷினைப் பிரித்து ஓட்டும் தனித்தனி சிஸ்டங்கள்) டிஸ்க்கும் நெட்வொர்க்கும் பகிர்ந்து தருவது விஐஓ சர்வர்; ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு வைப்போம். அதில் இரண்டாவதற்கு பேட்ச் போட வேண்டும். முதலாவதற்கு முந்தைய வாரமே போட்டாயிற்று, எந்தச் சத்தமும் இல்லை. தைரியமாக ரீபூட் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் டேட்டாபேஸ் ஆட்கள் போனில் வந்துவிட்டார்கள், நான்கு எல்பார்கள் ரூட்விஜி (ஓஎஸ் இருக்கும்) டிஸ்க்கே கிடைக்காமல் அப்படியே உறைந்து நின்றன. தோண்டிப் பார்த்தால், முந்தைய வாரம் முதல் விஐஓ ரீபூட் ஆனபோது அந்த வழியாகப் போன பாத் (எல்பாரிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் பாதை) ஃபெயில்டு ஆகியிருக்கிறது. விஐஓ திரும்பி வந்தது, பாத் வரவில்லை. ஒரு வாரம் முழுக்க ஒற்றைக் காலில் நின்ற சிஸ்டத்தின் அந்தக் காலையும் நானே தட்டிவிட்டேன்.

இதற்குக் காரணம் எச்செக் இன்டர்வல் (பாத்தைச் சோதிக்கும் இடைவெளி, வினாடிகளில்) என்ற ஒரே ஒரு ஆட்ரிபியூட். விர்ச்சுவல் ஸ்கசி டிஸ்க்குகளில் (விஐஓ தன்னிடமிருந்து எடுத்துத் தரும் டிஸ்க்குகள்) அது 0 என்று இருந்தால், விழுந்த பாத் எழுந்துவிட்டதா என்று எல்பாரில் ஓடும் ஓஎஸ்ஸான ஏஐஎக்ஸ் போய்ப் பார்க்கவே பார்க்காது. 60 என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும். ஏற்கனவே விழுந்து கிடக்கும் பாத்தை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

அப்புறம் இதிலேயே இன்னொரு பொறி. பாத்களைப் பட்டியலிடும் எல்எஸ்பாத் கமாண்டை அடித்து, எனேபிள்டு என்று இருப்பவற்றை வடிகட்டிவிட்டு, மிச்சம் ஒன்றும் வராததைப் பார்த்து 'எல்லாம் நலம்' என்று சொல்லிவிடுகிறோம். யாரோ எப்போதோ நீக்கிவிட்ட பாத்தோ, ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாத பாத்தோ அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. ஆகவே எண்ணுங்கள். இரண்டு விஐஓ வழியாக வரும் விர்ச்சுவல் ஸ்கசி டிஸ்க் என்றால் 2 பாத். நான்கு விர்ச்சுவல் ஃபைபர் அடாப்டர், ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டைப் பார்க்கிறது என்றால் 8. எட்டுக்கு ஏழு இருந்தால், அந்த ஏழும் எனேபிள்டு என்றாலும், ரீபூட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

சரி, எச்செக்கை மாற்றிவிட்டோம் என்று நினைப்பவர்கள் விழும் அடுத்த குழி: பயன்பாட்டில் இருக்கும் டிஸ்க் என்பதால் சிஎச்டெவ் கமாண்டில் மைனஸ் பி போட்டு மாற்றியிருப்பார்கள். அது ஓடிஎம்மில் (ஏஐஎக்ஸின் கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸ்) மட்டும் எழுதி வைக்கும், அடுத்த ரீபூட்டில்தான் அமலுக்கு வரும். ஆனால் ஆட்ரிபியூட்டுகளைக் காட்டும் எல்எஸ்ஆட்டர் அடித்தால் புதிய மதிப்பையே காட்டும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். எல்பார் கடைசியாக எப்போது பூட் ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டிஸ்க் எண்ணை நம்புவது

விஐஓ ஒன்றில் எச்டிஸ்க்7 ஆக இருப்பது இரண்டில் எச்டிஸ்க்9 ஆக இருக்கலாம். டிவைஸ்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வைக்கப்படும் பெயர் அது, அவ்வளவுதான். எண் ஒத்துப்போகிறது என்று மேப் செய்தால் ஒரு எல்பாருக்கு அடுத்தவரின் டேட்டாவைத் தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். டிஸ்க்கையே அடையாளம் காட்டும் பிவிஐடி, யுடிஐடி, ஸ்டோரேஜ் தரும் எல்யுஎன் சீரியல், இவற்றில் ஒன்றை இரண்டு பக்கமும் ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள். மேப் செய்வதற்கு முன்பே இரண்டு விஐஓவிலும் ரிசர்வ் பாலிசியை நோ ரிசர்வ் ஆக்கிவிட வேண்டும். சிங்கிள் பாத் என்று விட்டால் முதலில் திறக்கும் விஐஓ டிஸ்க்கைப் பூட்டிக்கொள்ளும், இரண்டாவது வாசலில் நிற்கும்.

அடாப்டரை நீக்கிப் புதிதாகச் சேர்ப்பது

என்னைக் கேட்டால் இதுதான் மிக மோசமான பழக்கம். என்பிஐவியில் (விஐஓவின் ஃபைபர் போர்ட்டை எல்பார்கள் தங்கள் சொந்த எண்ணோடு பகிரும் முறை) பாத் வரவில்லை, உடனே விர்ச்சுவல் ஃபைபர் அடாப்டரை நீக்கிவிட்டு அதே ஸ்லாட்டில் புதிதாகச் சேர்ப்பார்கள். எச்எம்சி (எல்பார்களை நிர்வகிக்கும் கன்சோல்) அதற்குப் புத்தம் புதிய டபிள்யூடபிள்யூபிஎன் (ஃபைபர் போர்ட்டின் அடையாள எண்) ஜோடி ஒன்றைத் தரும். சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) சுவிட்சின் ஸோனிங்கிலும் (யார் யாரைப் பார்க்கலாம் என்ற பட்டியல்) ஸ்டோரேஜின் ஹோஸ்ட் பதிவிலும் இருப்பதோ பழைய ஜோடி. சின்னக் கோளாறு பெரிதாகிவிடும். எச்எம்சி கமாண்ட் லைனில் பழைய எண்களையே கையால் கொடுத்து மீட்கலாம், ஆனால் அந்த எண்களை எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸோனிங் பதிவில் போய்த் தேட வேண்டியதுதான்.

ஜோடி என்று சொன்னேன் அல்லவா, அதில் இரண்டாவது எண் லைவ் பார்ட்டிஷன் மொபிலிட்டியின்போது (ஓடும் எல்பாரை வேறு மெஷினுக்கு நகர்த்தும்போது) மட்டும்தான் வேலைக்கு வரும். மற்ற நாட்களில் அது சுவிட்சில் லாகின் ஆகாது. சான் பார்ப்பவர் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தால், மாதக்கணக்கில் தலைகாட்டாத இந்த எண்ணைத்தான் முதலில் ஸோனிலிருந்து தூக்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கண்ணுக்கு அது செத்த எண். பிறகு எல்பாரை நகர்த்தும் அன்று எர்ரர் வரும். சி050 என்று தொடங்கும் எண்களைத் தொடும் முன் கேளுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

இதே ரகம்தான் புரொஃபைல் விவகாரமும். ஓடிக்கொண்டிருக்கும் எல்பாரில் டிஎல்பார் (நிறுத்தாமலே மாற்றும் வசதி) மூலம் அடாப்டர் சேர்த்துவிட்டு புரொஃபைலில் (எச்எம்சியில் இருக்கும் எல்பாரின் அமைப்புப் பதிவு) சேமிக்காமல் விட்டால், சாதாரண ரீபூட்டில் ஒன்றும் தெரியாது. ஷட்டவுன் செய்து புரொஃபைலிலிருந்து ஆக்டிவேட் செய்யும் நாளில் அடாப்டர் காணாமல் போயிருக்கும். புரொஃபைலில் கையால் சேர்த்தாலும் வேறு டபிள்யூடபிள்யூபிஎன்தான் வரும். நடப்பு கான்ஃபிகரேஷனை அப்படியே புரொஃபைலில் சேமிப்பதுதான் சரியான வழி.

நெட்வொர்க் பக்கம்

இரண்டு விஐஓவிலும் எஸ்இஏ (எல்பார்களின் நெட்வொர்க்கை வெளிக் கேபிளோடு இணைக்கும் பாலம்), டிரங்க் பிரையாரிட்டி (முன்னுரிமை எண்) ஒன்றில் 1, மற்றதில் 2. கன்ட்ரோல் சேனல் (இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) தப்பாக இருந்தால் இரண்டும் 'நான்தான் பிரைமரி' என்று கிளம்பும். லூப் உருவாகி பிராட்காஸ்ட் புயல் அடிக்கும், அந்த எல்பார்களோடு நிற்காமல் அந்த வி-லேன் முழுவதும் அல்லாடும். புதிய எஸ்இஏ உருவாக்கியதும் இரண்டு பக்கமும் அடாப்டர் நிலையைக் காட்டும் என்ட்ஸ்டாட் அடித்து ஒன்று பிரைமரி, மற்றது பேக்கப் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஃபெயில்ஓவர் இருக்கிறதே என்று நம்பியிருப்போம். ஆனால் கேபிள் போய்ச் சேரும் சுவிட்ச் உயிரோடு இருந்து, அதற்கு மேலே போகும் இணைப்பு மட்டும் அறுந்தால், விஐஓவின் போர்ட் அப் என்றே காட்டும், எஸ்இஏ அசையாது. நெட்அட்ரஸ் என்ற ஆட்ரிபியூட்டில் ஒரு ஐபி கொடுத்து வைத்தால் அதைப் பிங் செய்து பார்த்து முடிவெடுக்கும்.

பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் தொங்குகிறது என்று யாராவது வந்து நின்றால் எம்டியுவைப் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். எங்கோ ஒரு இடத்தில் 9000, இன்னொரு இடத்தில் 1500. சாதாரண பிங் சின்ன பாக்கெட் என்பதால் இதைக் காட்டிக்கொடுக்காது. துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பேலோடுடன் பிங் செய்யுங்கள், தலைப்புகளுக்கு 28 பைட் சேர்த்தால் சரியாக 9000.

டிஎல்பார் வேலை செய்யவில்லை என்றால் ஆர்எம்சியைப் (எச்எம்சியும் எல்பாரும் பேசிக்கொள்ளும் இணைப்பு) பாருங்கள். போர்ட் 657 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும், அல்லது எல்பார் குளோன் செய்யப்பட்டு இரண்டுக்கும் ஒரே நோட் ஐடி இருக்கும்.

இதையெல்லாம் தேடும்போது கிளையண்ட் எல்பாரின் எர்பிடியை (எர்ரர் லாக்) மட்டும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், இரண்டு விஐஓவின் எர்ரர் லாகையும் பக்கத்தில் திறந்து நேரத்தை ஒப்பிடுங்கள். அன்று எனக்கு அதுவும் வாய்க்கவில்லை: ஒரு விஐஓவின் கடிகாரம் பதினோரு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது, எது முதலில் விழுந்தது என்று புரிந்துகொள்ளவே விடிந்துவிட்டது.