பச்சைக் குழந்தைக்கு ஒரு உல்லன் குல்லா: முதல்முறை பின்னுகிறவர்களுக்கு

பின்னல் கற்க ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் மஃப்ளர் பின்னச் சொல்வார்கள். நான் குல்லாதான் சொல்வேன். மஃப்ளர் ஒன்றரை மீட்டருக்கு ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கும். பாதியில் அலுத்துப்போய்ப் பரணில் ஏறிவிடும். பச்சைக் குழந்தையின் குல்லா நாலைந்து மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்குள் கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) ஏற்றுவது, ரிப் என்கிற, இழுத்தால் விரிந்து பிடிக்கும் ஓரப் பட்டை, கண்ணி குறைப்பது, ஓரம் தைப்பது எல்லாம் கைக்கு வந்துவிடும். நாளைக்கு ஸ்வெட்டர் பின்னினாலும் பெரும்பாலும் இதே வேலைகள்தான்.

குரோஷா வேறு, இது வேறு. அதில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. இதில் இரண்டு நேர் ஊசி.

வாங்க வேண்டியவை

8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடி. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25. அமெரிக்க நம்பர் இதற்குத் தலைகீழ். அங்கே 8 என்பது 5 மி.மீ. அதனால் யூடியூப் பார்த்து வாங்குகிறவர்கள் நம்பரை விட்டுவிட்டு மி.மீ. அளவைச் சொல்லிக் கேளுங்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது. அலுமினிய ஊசியில் கண்ணி சட்டென்று வழுக்கிவிடும்.

நூல், குழந்தைகளுக்கான மிருதுவான அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வரும் வர்தமான், ஓஸ்வால் போன்றவற்றில், லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருப்பதை எடுங்கள். 50 கிராம் போதும். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்கே தெரியாது. முடி முடியாக நிற்கும் நூல் வேண்டாம். குழந்தையின் வாயில் போகும். இவை போக முனை மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்று, இஞ்ச் டேப், கத்தரிக்கோல்.

முதலில் ஒரு சதுரம்

இதை யாரும் செய்ய விரும்புவதில்லை. நானும் செய்யாமல்தான் என் முதல் குல்லாவைப் பின்னினேன். என் கை தளர்வு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரவேண்டிய இடத்தில் 18தான் வந்திருக்கிறது. 33 செ.மீ. வரவேண்டிய சுற்றளவு 40 ஆகி, குல்லா குழந்தையின் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. முழுவதையும் பிரித்தேன்.

28 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 30 வரிசை பின்னுங்கள் (கண்ணி ஏற்றுவதும் நிட், பர்ல் என்ற இரண்டு பின்னல்களும் கீழே இருக்கின்றன). மேசையில் இழுக்காமல் பரப்பி, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 வந்தால் சரி. அதிகம் வந்தால் 7-ம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள், குறைந்தால் 9-க்கு. வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ பின்னப் பார்க்காதீர்கள். பத்து வரிசையில் கை பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

கண்ணி ஏற்றுவது

சுமார் 120 செ.மீ. வால் விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு வலது ஊசியில் மாட்டுங்கள். வால் நூலை இடது கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, விரலுக்கு முன்னால் தெரியும் நூலுக்கு அடியில் ஊசி முனையை விடுங்கள். பந்து நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரல் வளையத்தை அதன் மேலாகத் தூக்கிவிட்டு, வாலை மெல்ல இழுங்கள். ஒரு கண்ணி. மொத்தம் 74 வேண்டும்.

ஏன் 74? பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34, 35 செ.மீ. குல்லா அதைவிடச் சற்றுச் சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 72 கண்ணி 33 செ.மீ.க்குப் பக்கம்; மிச்சம் 2 தையலுக்குள் போய்விடும்.

நிட், பர்ல், ரிப்

நிட்: நூல் பின்னால். வலது ஊசியைக் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக நுழைத்து, நூலைச் சுற்றி முன்னால் இழுத்து, பழைய கண்ணியை நழுவ விடுங்கள். பர்ல்: நூல் முன்னால். ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்னால் தள்ளுங்கள். வடக்கே இதையே சீதா, உல்டா என்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான்.

இங்கே கொஞ்சம் நின்று உங்கள் துணியைப் பாருங்கள். ஊசிக்குக் கீழே நிட் சடைப்பின்னல் மாதிரி இறங்கும். பர்லில் கண்ணியின் கழுத்தைச் சுற்றி ஒரு குறுக்கு மணி இருக்கும். இந்த இரண்டையும் கண் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் காகிதத்தில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலையைப் பாதியில் வைத்துவிட்டு நாலு நாள் கழித்து எடுத்தாலும் எங்கே நிற்கிறோம் என்று துணியே சொல்லிவிடும். பின்னலில் நான் கற்றதில் இதைவிடப் பெரியது வேறில்லை.

முதல் வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல் 2 நிட் என்று கடைசி வரை. இரண்டாவது: 2 பர்ல், பிறகு 2 நிட் 2 பர்ல். சடை தெரிந்தால் நிட், மணி தெரிந்தால் பர்ல், அவ்வளவுதான். இப்படி 8 வரிசை.

நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்தால் இல்லாத ஒரு கண்ணி முளைத்துவிடும், அடுத்த வரிசையில் அங்கே ஓட்டை விழும். 74 எப்படி 78 ஆனது என்று கேட்கிறவர்களுக்கு அநேகமாக இதுதான் பதில். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் என்ன ஆகும் என்று தெரியுமே.

கண்ணி நழுவிவிட்டால் பதற வேண்டாம். அது கீழே ஏணிப்படி மாதிரி இறங்கியிருக்கும். சடைப் பக்கம் திருப்பி, குரோஷா ஊசியை அந்த வளையத்தில் விட்டு, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கோத்து மேலே ஏற்றி ஊசியில் மாட்டிவிடுங்கள்.

உடம்பும் உச்சியும்

ரிப் முடிந்ததும் ஒரு வரிசை முழுக்க நிட், அடுத்தது முழுக்க பர்ல். கீழ் ஓரத்திலிருந்து 9.5 செ.மீ. வரும்வரை பின்னி, பர்ல் வரிசையோடு நிறுத்துங்கள். இனி குறைக்க வேண்டும்: இரண்டு கண்ணிக்குள் ஊசியைச் சேர்த்து நுழைத்து ஒரே நிட்டாகப் பின்னுவது.

முதலில் 1 நிட். பிறகு 7 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, இதை எட்டு முறை. கடைசியில் 1 நிட். 66 கண்ணி நிற்கும். அடுத்த வரிசை வெறும் பர்ல். அதற்கடுத்து 7-க்குப் பதில் 6, பிறகு 5, இப்படி நடுநடுவே பர்ல் வரிசை வைத்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 58, 50, 42, 34, 26, 18, கடைசியில் 10.

நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, காது ஊசியில் கோத்து, பத்துக் கண்ணிக்குள்ளும் இருமுறை ஓட்டி இறுக்குங்கள்.

மூன்று மாதக் குழந்தைக்கு என்றால் 82 கண்ணி, 11 செ.மீ. உயரம், குறைப்பதை 8 நிட்டில் தொடங்குங்கள்.

ஓரம் தைப்பது

நல்ல பக்கம் உங்களைப் பார்க்கட்டும். இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் கண்ணிக்கும் இரண்டாவதற்கும் நடுவே லேசாக இழுத்தால் ஒரு குறுக்கு நூல் தெரியும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்து, ஆறு கோத்ததும் நூலை இழுங்கள். இரண்டு ஓரமும் தானாக ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். ரிப்பில் இந்தப் பக்கத்து ஒரு நிட்டும் அந்தப் பக்கத்து ஒரு நிட்டும் சேர்ந்து இரண்டாகிவிடுவதால் தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அக்ரிலிக்கில் இஸ்திரி வைக்காதீர்கள், சூட்டில் துவண்டுபோய்விடும். வெதுவெதுப்பான நீரில் அலசி, துண்டின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். கட்டும் கயிறோ குஞ்சமோ வைக்க வேண்டாம். குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். உடல் சூட்டைத் தலைவழியாகவும் அது வெளியேற்ற வேண்டும், முகத்தில் இறங்கினால் மூச்சும் முட்டும்.

மிஞ்சிய நூலில் கையுறை

கட்டைவிரல் இல்லாத கையுறைக்கு 26 கண்ணி. 2.5 செ.மீ. ரிப், பிறகு மொத்தம் 6 செ.மீ. வரும்வரை நிட் வரிசையும் பர்ல் வரிசையும். குறைப்பு: 1 நிட்; 4 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, நான்கு முறை; 1 நிட். ஒரு பர்ல் வரிசை விட்டு 3 நிட், இன்னொரு பர்ல் வரிசை விட்டு 2 நிட். மிஞ்சும் 14 கண்ணியையும் குல்லா உச்சி போலவே இறுக்கித் தையுங்கள்.

குழந்தைக்குப் போடும் முன் கையுறையை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வால் நூல்களைத் தையலுக்குள் 5 செ.மீ.யாவது ஓட்டி மறைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு இழை தொங்கினாலும் பச்சைக் குழந்தையின் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அது அழுவதற்கான காரணமும் கையுறைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது.