புரட்டாசி வானிலையை நம்பி முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் வயல் உழுதவருக்கும் வெங்காயம் கிண்டிப் பரப்பியவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் வானத்தைப் பற்றிய கவலைதான். தகவலுக்குக் குறைவில்லை: இந்தியத் தொலைக்காட்சி, யூரியூப், வாட்ஸ்அப், போனில் இருக்கிற அப். தகவல் சரியாக இருந்தும் நட்டம் வருகிறது. அது எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குச் சொல்லப்பட்டது என்று பலர் பார்ப்பதில்லை.

பெரிய தவறு, இந்தியா முழுவதற்கும் சொன்னதை எங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வது. செப்டெம்பர் பிற்பகுதியில் "பருவமழை விலகத் தொடங்கியது" என்று செய்தி வரும். அது தென்மேற்குப் பருவமழை. மேற்கு ராஜஸ்தானிலிருந்து அது விலகத் தொடங்கும் வழமையான திகதி செப்டெம்பர் 17. நாடு முழுவதையும் விட்டுப் போக ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். அது போய் முடிகிற வேளையில்தான் எங்களுக்கு மழைக்காலமே தொடங்குகிறது. "வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி" என்பதும் அப்படித்தான். செப்டெம்பரில் இவை பெரும்பாலும் வடக்கு வங்கக்கடலில் உருவாகி ஒடிசா பக்கம் போகும். பூரிக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். அங்கே வெள்ளம் போடும் நாளில் இங்கே சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசி, ஒரு துளியும் விழாமல் போகலாம்.

சென்னை மழையைப் பார்த்து இங்கே முடிவெடுப்பதும் சரிவராது. இந்தியச் செய்தியைத்தான் பார்ப்பேன் என்றால் நாகப்பட்டினம், வேதாரணியம் பகுதிக்குச் சொல்வதைப் பாருங்கள். கோடியக்கரை எங்களுக்கு எவ்வளவோ கிட்ட. இன்னொன்று: ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதை இந்தியாவில் வடகிழக்குப் பருவமழை என்பார்கள். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களமோ ஒக்டோபர், நவம்பரை இரண்டாவது இடைப்பருவமாகவும் (இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட காலம்), டிசம்பர் முதல் பெப்ரவரி வரையைத்தான் வடகிழக்குப் பருவமாகவும் கணக்கிடுகிறது. பருவமழைக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்று வாய்க்கால் துப்புரவைத் தள்ளிப்போட்டால் ஐப்பசி மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

அடுத்தது, விதைப்போடு சம்பந்தப்பட்டது; எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். "வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்று அறிவிப்பு வருகிறது. இந்தச் "சில இடங்களில்" என்பது மழை எவ்வளவு பரப்பில் விழும் என்பதைத்தான் சொல்கிறது. இடைப்பருவத்தில் இடிமுகில் கொடிகாமத்தில் கொட்டிவிட்டு சாவகச்சேரியை நனைக்காமலே போகும். 50 மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு பரப்புக் காணிக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறத்தாழ 12,500 லீற்றர் தண்ணீர். பக்கத்து வயலுக்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு மழையை நம்பி விதைத்தால், மானாவாரி நிலத்தில் முளைத்த நெல் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிப்போகும். ஒரு நாள் மழையை விட, அதற்குப் பின் வரும் நாட்களிலும் மழை சொல்லப்பட்டிருக்கிறதா, காற்று சோளகத்திலிருந்து வாடைக்கு (வடகிழக்குக் காற்றுக்கு) திரும்புகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

அப்பில் வரும் 40 சதவீதத்தையும் பிழையாக விளங்குகிறார்கள். அந்த நேரத்துக்குள் அந்த இடத்தில் மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதே அது. எவ்வளவு மழை, எத்தனை மணித்தியாலம் என்று அது சொல்லாது. அதோடு, பல அப்கள், வரைபடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணினி வானிலை மாதிரிகள் (models) போடும் கணக்கைத்தான் காட்டுகின்றன. உலகளாவிய மாதிரிகளில் ஒரு சதுரம் ஏறத்தாழ 9 முதல் 13 கிலோமீற்றர் அகலம். எங்கள் ஒடுங்கிய குடாநாட்டில் அதில் பாதி கடலாகவே இருக்கலாம். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று அதில் தெரியும் மழைப் படத்தை வைத்துக் கல்யாணப் பந்தல் முடிவு எடுக்க வேண்டாம். மூன்று நாளுக்கு முன் திரும்பப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் திகதியையும் வெளியிட்ட நேரத்தையும் பார்க்காமல் மற்றவருக்கு அனுப்பவே கூடாது. போன வருட எச்சரிக்கை இந்த வருடமும் சுற்றும்.

கடலுக்குப் போகிறவர்களும், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்பவர்களும் தரைக்கான அறிவிப்போடு நிறுத்தக் கூடாது. கடலுக்கென்று தனி அறிவிப்பு வருகிறது. அதில் காற்றின் வேகத்தையும் திசையையும் முதலில் வாசியுங்கள். மழையே இல்லாத நாளிலும் கடல் கொந்தளிக்கும். இடிமுகில் கிட்ட வரும்போது காற்று திடீரென்று பலமாக வீசும், அதுவும் பின்னேரத்தில்.

கடைசியாக, புயலுக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருப்பது. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பெயர் வந்தது அதற்கு முந்திய நாள்தான். யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வந்ததோ அதற்கும் முன்பு, அது வெறும் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக எங்கள் கிழக்குக் கரையோரம் நின்றபோது. ஆகவே தாழ்வுப் பகுதி தென்மேற்கு வங்கக்கடலில், இலங்கைக்குக் கிட்ட என்று சொன்ன அன்றே கிணற்றடியையும் நெல் மூடைகளையும் கவனியுங்கள்.